கியர் மாட்டிய குப்பர்டினோ பையன்கள்

கேரேஜில் ஒரு பழைய மவுண்டன் பைக்கைப் பிரித்துப் போட்டு மூன்று வாரம் ஆகிறது. 1990 வாக்கில் வந்த ஸ்டீல் ஃபிரேம், 26 இன்ச் சக்கரம். முன்னால் மூன்று செயின்வீல் (46-36-26 பல்), பின்னால் ஏழு அடுக்கு கேசட் (12-28). "அந்த மூணையும் தூக்கிப் போட்டுட்டு ஒத்தச் செயின்வீல் மாட்டு" என்றுதான் எல்லா நண்பர்களும் சொன்னார்கள். நானும் அந்த முடிவில்தான் இருந்தேன். சரி, இந்த மூன்று செயின்வீல் மலைக்கு எப்படி வந்தது என்று தேடப்போய், சென்ற கட்டுரையில் எழுதிய ஒன்றைத் திருத்த வேண்டியதாகிவிட்டது.

"பலூன் டயர் சைக்கிளுக்கு முதலில் கியர் போட்டவர் கேரி ஃபிஷர்" என்று எழுதியிருந்தேன். அது தவறு.

வழக்கமான கதை சான் பிரான்சிஸ்கோவுக்கு வடக்கே, மரின் கவுண்டியில் ஆரம்பிக்கும். 1970-களில் அங்கிருந்த இளைஞர்கள், 1930, 40-களில் வந்த ஷ்வின் சைக்கிள்களை மலைமேல் கொண்டுபோய் மண் பாதையில் தலைதெறிக்க ஓட்டி இறங்கினார்கள். ஒரே கியர். பெடலைப் பின்னால் மிதித்தால் பிடிக்கிற கோஸ்டர் பிரேக். இரண்டு மைலுக்குள் 1300 அடி இறங்கும் பாதை ஒன்று உண்டு. கீழே வருவதற்குள் ஹப்பில் இருக்கும் கிரீஸ் புகைந்து போய்விடும், மறுபடி அடைக்கணும். அதனாலேயே அந்தப் பாதைக்கு ரீபேக் என்று பேர். சார்லி கெல்லி அங்கே முதல் பந்தயம் நடத்தியது 1976 அக்டோபர் 21 அன்று.

இறங்கிய கதையை எல்லாரும் சொல்வார்கள். எனக்கு உறுத்தியது ஏறிய கதை. நாற்பது பவுண்டுக்கு மேல் எடையுள்ள சைக்கிளை ஒற்றைக் கியரில் மலை ஏற்ற முடியாது. தள்ளிக்கொண்டு போனார்கள், இல்லையென்றால் டிரக்கில் ஏற்றிப் போனார்கள். கியர் வரும்வரை அது இறங்குவதற்கான விளையாட்டுச் சாமான், அவ்வளவுதான்.

ரீபேக்குக்கு இரண்டு வருஷம் முன்பு, 1974 டிசம்பர் 1 அன்று மில் வேலியில் ஒரு சைக்ளோகிராஸ் பந்தயம். அதற்குத் தெற்கே குப்பர்டினோவிலிருந்து ரஸ் மேஹனும் அவருடைய மாரோ டர்ட் கிளப் நண்பர்களும் வந்தார்கள். பலூன் டயர் சைக்கிள்தான். ஆனால் அதில் டிரெய்லியர் கியர், கட்டைவிரலால் தள்ளும் ஷிஃப்டர், டிரம் பிரேக், மோட்டார் சைக்கிள் லீவர் எல்லாம் இருந்தன. ஜோ பிரீஸ் உட்பட மரின்காரர்கள் சிலர் அதைக் கண்ணால் பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் ஃபிஷரின் ஷ்வினில் கியர் ஏறுகிறது. பார்த்துக் காப்பியடித்தார் என்று நான் சொல்லவில்லை. தேவை இருந்தது, பாகங்கள் கடையில் கிடைத்தன. ஒரே யோசனை இரண்டு இடத்தில் தோன்றலாம். ஆனால் "முதலில்" என்ற சொல் மேஹன் கோஷ்டிக்குப் போகவேண்டியது. பதினைந்து வருஷமாகக் குப்பர்டினோவைத் தாண்டித்தான் ஆபீஸ் போகிறேன், இது தெரியவில்லை!

மாட்டிய பாகங்களில் எதுவும் மலைக்காகச் செய்ததும் இல்லை. 1981-இல் வந்த ஸ்பெஷலைஸ்டு ஸ்டம்ப்ஜம்பரில்கூட மூன்று செயின்வீல் கிராங்க் பிரான்ஸின் டிஏ கம்பெனியுடையது. மூட்டை கட்டிக்கொண்டு ஊர் சுற்றுபவர்களுக்காகச் செய்தது, அதனால்தான் அவ்வளவு சின்னச் செயின்வீலை ஏற்றுக்கொண்டது. டிரெய்லியர் ஜப்பானின் சன்டூர். பின்பக்கப் பல்சக்கரங்களின் சரிவுக்கு இணையாகவே சாய்ந்து நகரும் அவர்களுடைய 1964-ஆம் வருஷ டிசைன், பேட்டன்ட் முடிந்ததும் ஷிமானோவுக்கும் போய், இன்று எல்லாருடைய சைக்கிளிலும் இருக்கிறது.

இப்போது என் சைக்கிள். முன்பல்லைப் பின்பல்லால் வகுத்தேன். பழைய செட்டில் மிக லேசான கியர் 26/28, அதாவது 0.93. நண்பர்கள் சொன்ன ஒற்றை 32, பின்னால் 11-34 என்றால் 0.94. ஏற்றத்தில் ஒரு லாபமும் இல்லை. மேல்பக்கம் 46/12 தரும் 3.83 போய் 2.91 ஆகிறது. அந்த கேசட் எட்டு அடுக்கு, என் ஏழு அடுக்கு ஹப் பாடியில் ஏறாது, அதையும் மாற்றணும். இதற்குப் பதிலாக உள் செயின்வீலை மட்டும் 24 ஆக்கினால் 0.86. டிரெய்லியர் சுருட்டவேண்டிய செயின் (46-24)+(28-12), ஆக 38 பல். என்னுடைய லாங் கேஜ் டிரெய்லியரின் எல்லை சரியாக 38.

24 பல் செயின்வீல் நேற்று வந்துவிட்டது. உள்பக்க போல்ட் ஐந்தில் நான்கு கழன்றுவிட்டன, ஐந்தாவது துருப்பிடித்து உட்கார்ந்திருக்கிறது. எண்ணெய் விட்டு வைத்திருக்கிறேன்.