மலையமான் காசும் எழுபது மதிப்பெண்ணும்

மலையமான் திருமுடிக்காரியின் திருக்கோவிலூர், 2019 நவம்பரிலிருந்து எங்கள் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் இருக்கிறது. அதற்கு முன் விழுப்புரம், அதற்கும் முன் தென்னார்க்காடு. இத்தனை மாவட்டக் காலங்களிலும் தென்பெண்ணை மணலைச் சலிப்பவர்கள் கையில் அவன் குலத்துச் செப்புக் காசுகள் அகப்பட்டிருக்கின்றன.

சின்னஞ்சிறு சதுரக் காசு. ஒரு பக்கம் குதிரை. மறு பக்கம் மலை முகடு, நெளிந்தோடும் ஆறு, அதில் மீன். காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்று சிறுபாணாற்றுப்படை சொல்கிறது. குதிரையை எண்ணிக்கொண்டே காசைத் திருப்பினால், ஆறும் மலையும் இந்த நாட்டின் வரைபடம் என்று சொல்பவர்கள் பக்கம் மனம் சாய்கிறது. எந்த மலை என்று கேட்காதீர்கள். எங்கள் ஊரிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலைதான் தெரியும். ஆகவே எனக்கு அதுதான்!

சங்க காலத் தமிழ் மன்னர்கள் சொந்தமாகக் காசு அடித்தார்களா என்பதே ஒரு காலத்தில் கேள்வியாக இருந்தது. 1980களில் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி பெருவழுதி என்ற பெயர் பொறித்த பாண்டியர் காசை வெளியிட்ட பிறகுதான் அந்தப் பேச்சு அடங்கிற்று. மலையமான் காசுகளையும் திரட்டி எழுதினார். 2021ல் காலமானார். பழைய உலோகக் கடைகளில் எடைக்குப் போயிருக்க வேண்டிய செம்பு, அவரைப் போன்றவர்களால் சரித்திரமாயிற்று.

இப்போதோ காசை வைத்திருப்பவர்கள் கேட்கும் முதல் கேள்வி "கிரேடு என்ன?" என்பதுதான். வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் 1949ல் தம் நாட்டுப் பெரிய செப்பு சென்டுகளுக்காக 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் வகுத்தார். தேய்ந்து உருவம் மட்டும் தெரிகிற காசு ஒரு பங்கு விலை என்றால், குறையே இல்லாதது எழுபது பங்கு என்பது அவர் கணக்கு. விலைக்கணக்கு பிறகு பொய்த்துப் போனது, எண் மட்டும் நிலைத்தது. 1986ல் பி.சி.ஜி.எஸ்., 1987ல் என்.ஜி.சி. என்ற இரு அமெரிக்க நிறுவனங்கள் காசைச் சோதித்து, எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து முத்திரையிடத் தொடங்கின. தொன்மையான காசுகளுக்கு என்.ஜி.சி. அந்த எழுபதைப் பயன்படுத்துவதில்லை. அச்சு விழுந்த நேர்த்திக்கு ஐந்து, மேற்பரப்புக்கு ஐந்து என்று தனித்தனியே மதிப்பெண் தருகிறது. இது நியாயமான ஏற்பாடு.

பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு அவர்கள் தரவரிசை எப்போதும் சிரிப்பூட்டும். நன்றாகத் தேய்ந்த காசை அவர்கள் "த்ரே போ" என்பார்கள், மிக அழகு என்று பொருள். அதைவிடச் சற்று மேலானது "த்ரே த்ரே போ", மிக மிக அழகு. கை படாத புதுக்காசுக்குத்தான் "ஃப்ளேர் த குவான்", அச்சின் மலர். புதுச்சேரியில் அவர்கள் அடித்த துடுக் காசில் ஒரு பக்கம் லில்லி மலரும் மறு பக்கம் தமிழில் புதுச்சேரி என்ற எழுத்தும் இருக்கும். எங்கள் வீட்டில் ஒன்று இருந்தது. பாட்டி பூஜைப் பாத்திரங்களோடு சேர்த்துப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருந்தார். சேகரிப்பவர்கள் கண்ணில் அது பாதி விலை கூடப் பெறாது. பச்சைக் களிம்பு செம்பின் தோல். அதை உரித்தால் எழுத்தின் விளிம்பும் சேர்ந்து போய்விடும். தேய்த்துக் கழுவிய காசுக்குக் கிரேடிங் நிறுவனங்கள் எண் கொடுக்காமல், "கழுவப்பட்டது" என்று எழுதி அனுப்பிவிடுகின்றன.

சரி, மலையமான் காசை அமெரிக்காவுக்கு அனுப்பலாமா? கூடாது. 1972ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த காசு தொல்பொருள். தனியார் அதை நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது.

அதற்கும் முந்தியது 1878ம் ஆண்டுப் புதையல் சட்டம். குமாஸ்தாவாக இருந்தவனுக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. மண்ணில் கிடைத்தது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். உரிமை கோருவோர் யாரும் இல்லை என்றானால், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரருக்குக் கால் பங்கு. சர்க்கார் தானே எடுத்துக்கொள்ள நினைத்தால், பொருளின் உலோக மதிப்பும் அதில் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்துக் கொடுத்தால் போதும். தங்கம் என்றால் கணிசமான தொகைதான். செப்புக் காசுக்கு? ஒரு டீ கூட வராது. தெரிவிக்காமல் வியாபாரியிடம் விற்றவனைக் குறை சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

ஆனால் வியாபாரி கைக்குப் போனதும் காசின் ஊர் தொலைகிறது. திருக்கோவிலூரில் எந்தப் படித்துறை, எத்தனை அடி ஆழம், பக்கத்தில் வேறு என்ன கிடந்தது என்பதெல்லாம் பெட்டிமேல் ஒட்டும் சீட்டில் வராது. குதிரை தேய்ந்த காசானாலும், கிடைத்த இடம் தெரிந்தால் எனக்கு அதுதான் உசத்தி. ஆகவே காசு வைத்திருக்கும் நம் பக்கத்து அன்பர்கள், புளியைத் தள்ளி வைத்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் ஊர், இடம், தேதி, கண்டெடுத்தவர் பெயர் நான்கையும் எழுதிக் காசோடு போட்டு வையுங்கள். பென்சிலால் எழுதுங்கள், மை ஊறிவிடும்.