மீட்பவர்களைக் கண்காணிப்பது யார்? - அவுஸ்திரேலியாவின் விலங்கு மீட்பு அமைப்புகளும் சட்டமும்

2021 ஆகஸ்டில், நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடமேற்கே உள்ள பேர்க் ஷயர் கவுன்சில், தன் பவுண்டில் அடைத்து வைத்திருந்த நாய்களைக் குட்டிகளோடு சுட்டுக் கொன்றது. அவற்றைப் பொறுப்பேற்க கோபார் நகரிலிருந்து ஒரு மீட்புக் குழு வரவிருந்தது. அவர்கள் வந்தால் கொரோனாவும் கூட வரும் என்பதே கவுன்சில் சொன்ன காரணம். செய்தி உலகமெங்கும் பரவியது. விலங்கு நீதிக் கட்சியின் மேலவை உறுப்பினர் எம்மா ஹேர்ஸ்ட் கொண்டு வந்த மசோதா மறு ஆண்டே, 2022இல், சட்டமாயிற்று.

பவுண்டு என்பது நமக்குப் புதிதல்ல. கொண்டி மாடுகளைப் பிடித்து அடைக்கும் இடத்துக்குக் 'கொண்டித்தொழு' என்று தமிழில் நல்ல சொல்லே உண்டு. அங்கே மாட்டுக்காரர் தண்டம் கட்டி மாட்டை ஓட்டிச் செல்வார். இங்கே நாயையும் பூனையையும் தேடி யாரும் வராவிட்டால் என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

நியூ சவுத் வேல்ஸில் இதற்கான விதிகள் 1998ஆம் ஆண்டின் துணைவிலங்குகள் சட்டத்தில் உள்ளன. உரிமையாளர் அடையாளம் தெரிந்த விலங்கை 14 நாட்களும், தெரியாததை 7 நாட்களும் வைத்திருக்க வேண்டும். அதன் பிறகு விற்கலாம், கொல்லலாம். 2022 திருத்தம் இந்த இடத்தில் ஒரு படியைச் சேர்த்தது. கொல்வதற்கு முன் குறைந்தது இரண்டு மீட்பு அமைப்புகளுக்கு எழுத்தில் அறிவித்து, மேலும் 7 நாட்கள் காத்திருக்க வேண்டும்.

நல்ல திருத்தந்தான். ஆனால் சுமை எங்கே இறங்கியது என்று பாருங்கள். கவுன்சிலின் கையிலிருந்த விலங்கு மீட்பு அமைப்பின் கைக்குப் போகிறது. அந்த அமைப்பு பெரும்பாலும் சிட்னியின் மேற்குப் புறநகரில் ஒரு வீடு, பின்வளவில் நாலைந்து கூடுகள், வேலை முடிந்து வந்து பராமரிக்கும் சில தன்னார்வலர்கள். மாநில அரசின் அங்கீகாரப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இடம்பெற்ற குழுக்களுக்குப் பதிவுக் கட்டண விலக்குப் போன்ற சலுகைகள் உண்டு. ஆனால் யார் மீட்புக் குழு நடத்தலாம் என்பதை 2022 திருத்தம் உரிமத்துக்கு உட்படுத்தவில்லை. மனம் இளகி ஒவ்வொன்றாக ஏற்றுக்கொண்டு, கடைசியில் நாற்பது நாய்களுடன் மூச்சுத் திணறும் ஒருவரிடம் சட்டம் போய்ச் சேர்வது வதை நடந்த பிறகுதான். அன்பும் வதையும் ஒரே வீட்டில் இருக்க முடியும் என்பதை மீட்புப் பணியில் உள்ளவர்களே நன்கு அறிவார்கள்.

மெல்பேர்ணில் நிலைமை சற்று வேறு. விக்டோரியாவின் 1994ஆம் ஆண்டு வீட்டு விலங்குகள் சட்டத்தின்படி காப்பகமும் பவுண்டும் கவுன்சிலில் பதிவு செய்யப்பட்டு, கட்டாய நடத்தை விதிக்கோவைக்கு அடங்கி இயங்க வேண்டும். தெருவில் பிடிபட்டதை 8 நாட்கள் வைத்திருக்க வேண்டும். 2018 ஜூலை முதல் செல்லப்பிராணிக் கடைகள் காப்பகங்கள் போன்ற மீட்பு வழிகளில் வந்த நாய், பூனைகளை மட்டுமே விற்க முடியும். ஆனால் வீடுகளில் தற்காலிகமாக வளர்ப்போருக்குக் கொண்டுவரப்பட்ட பதிவு விருப்பத்தின் பேரிலானது. வாசல் இறுக்கம், கொல்லைப்புறம் திறந்தபடி.

வதையை விசாரிப்பது யார் என்பது இதைவிடச் சிக்கலானது. வண்டிக் குதிரைகள் அடிபட்ட காலத்தில், மெல்பேர்ணில் 1871இலும் சிட்னியில் 1873இலும் தோன்றிய விலங்குவதைத் தடுப்புச் சங்கங்களே இன்றைய ஆர்.எஸ்.பி.சி.ஏ. ஒரு தொண்டு நிறுவனம் நன்கொடை திரட்டுகிறது, காப்பகம் நடத்துகிறது, அரசைக் கண்டித்துப் பிரசாரம் செய்கிறது. அதன் ஆய்வாளர்களே சட்டப்படி வீட்டுக்குள் நுழைந்து விலங்கைக் கைப்பற்றி வழக்கும் தொடுக்கிறார்கள். திருட்டு வழக்கைத் தொண்டு நிறுவனத்திடம் ஒப்படைக்க எந்த அரசும் சம்மதிக்காது.

மெல்பேர்ணுக்கு அருகே புல்லா என்னுமிடத்தில் குதிரைகள் பட்டினியால் மெலிந்து மடிந்தபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் வெளிப்பட்டது. முறைப்பாடுகள் வந்தும் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்கவில்லை என்ற கண்டனம் எழவே, ஆர்.எஸ்.பி.சி.ஏ. விக்டோரியா தன் ஆய்வாளர் பிரிவைப் பரிசீலிக்க முன்னாள் காவல்துறைத் தலைமை ஆணையர் நீல் கொம்ரியை நியமித்தது. 2016இல் அவர் தந்த அறிக்கை ஓர் அடிப்படை முரணைச் சுட்டியது. வாத்து வேட்டை போன்ற சட்டபூர்வமான செயல்களை எதிர்த்துப் பிரசாரம் செய்யும் அமைப்பே, அதே துறையில் நடுநிலையான சட்ட அமலாளராகவும் இருக்க முடியாது. மறு ஆண்டு விக்டோரியா நாடாளுமன்றக் குழுவும் இதை ஆராய்ந்தது. நியூ சவுத் வேல்ஸில் 2020இல் மேலவைத் தெரிவுக்குழு, விலங்குப் பாதுகாப்புக்கென ஒரு சுயாதீன அலுவலகமே தேவை என்று பரிந்துரைத்தது.

இதை வாசிக்கையில் சென்னை நினைவுக்கு வருகிறது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த கலாக்ஷேத்ரா ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியே இந்தியாவின் 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்துக்கு வழிவகுத்தது. அதன்கீழ் 1962இல் அமைந்த விலங்குநல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். அது தொண்டு நிறுவனமல்ல, சட்டம் படைத்த அமைப்பு. 2023 விதிகளின்படி வாரியத்தின் அங்கீகாரமின்றி ஓர் அமைப்பு தெருநாய்க் கருத்தடைத் திட்டம் நடத்த முடியாது. நடைமுறை எப்படி என்பது வேறு கதை. கருத்தளவில் பார்த்தால், மெல்பேர்ணில் கொம்ரி தொட்ட சிக்கலுக்கு ஒரு விடையை அந்தச் சட்டம் முன்பே யோசித்திருந்தது.

பணத்தின் பக்கம் கண்காணிப்பு ஓரளவு தெளிவு. 2019-20 காட்டுத்தீயின்போது வனவிலங்கு மீட்பு அமைப்பான வயர்ஸுக்கு 9 கோடி டொலருக்கு மேல் குவிந்தது. தேசியத் தொண்டு நிறுவன ஆணையம் அதன் கணக்கைப் பரிசீலித்து 2020இலேயே அறிக்கை வெளியிட்டது. சிறு குழுக்கள் இப்படி யார் கண்ணிலும் படுவதில்லை.

நாய்க்குட்டியோ பூனையோ எடுக்க நினைக்கும் நம்மவர் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2019 ஜூலை 1 முதல் இரு மாநிலங்களிலும் இவற்றை விற்கவோ இலவசமாகக் கொடுக்கவோ விளம்பரம் செய்தால் அடையாள எண் கட்டாயம். விக்டோரியாவில் மைக்ரோசிப் எண்ணும் மூல எண்ணும் இரண்டுமே வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் 2019இல் விதி வந்தபோது மைக்ரோசிப் எண், வளர்ப்பாளர் எண், மீட்பு அமைப்பின் எண் ஆகியவற்றில் ஏதாவதொன்று போதுமானதாயிருந்தது. அரசின் இணையப் பதிவேட்டில் அந்த எண்ணை இட்டுப் பார்க்கச் சில நிமிடங்களே ஆகும். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் விலங்கை வாங்க வேண்டாம், நன்கொடையும் கொடுக்க வேண்டாம்.