கடனோடு தொடங்கும் நடை

தோட்ட வேலைக்காக மலையகத் தமிழர் தமிழகத்திலிருந்து இலங்கைக்கு வந்த இருநூறு ஆண்டை, மலையகம் இருநூறை, நினைவுகூர்ந்து 2023இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை மக்கள் நடந்தார்கள். அதைப் பார்த்த எங்கள் ஹட்டன் பிள்ளைகளுக்கு அந்தப் பாதையைக் கணினி விளையாட்டாகச் செய்ய ஆசை. ஸ்கிராட்ச் என்ற நிரல்மொழியில் ஒரு மனிதர், தலையில் மூட்டை, திரையின் மேலே மூன்று உயிர். யானை வந்தால் ஒன்று போகும், சிறுத்தை வந்தால் இன்னொன்று.

வரலாறு படிப்பிக்கிறவன் நான். விலங்குகளைக் குறைக்கச் சொன்னேன். கோப்பிக் காலத்தில் மதவாச்சி, தம்புள்ளை வழியாக ஏறக்குறைய 150 மைல் நடந்த சனத்தை வாரிக்கொண்டு போனவை வாந்திபேதியும் காய்ச்சலும் தண்ணீரில்லாத காடும்.

ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியை மீசையும் பிரம்புமாக வரைந்திருந்தார்கள். அடித்த கங்காணிகள் உண்டுதான். ஆனால் ஊரில் ஆள் சேர்த்தபோது பல இடங்களில் அவர் சொந்தக்காரர், இல்லையென்றால் பக்கத்து ஊர்க்காரர். அதனால்தான் திருச்சி, புதுக்கோட்டை, சேலம் பக்கத்துச் சனம் நம்பிப் புறப்பட்டது.

நான் விட்டுக்கொடுக்காதது கடன் விஷயம். வழிச்சோறு, படகுக் கூலி, கம்பளி எல்லாமே கங்காணி கணக்கில் பற்று. புள்ளியைப் பூச்சியத்திலிருந்து தொடங்காதீர்கள், அதற்கும் கீழே தொடங்குங்கள் என்றேன்.

"கடனைக் கட்டாமல் வேறு தோட்டத்துக்கு ஓடினால், சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டாள். நல்ல கேள்வி. சொல்லாமல் போனால் சட்டப்படி சிறை. முறையாகப் போவதென்றால் 'துண்டு' வேண்டும். இந்தக் கங்காணியின் ஆட்களுக்கு இவ்வளவு கடன், அதைக் கட்டுகிற தோட்டத்துக்கு அவர்களை விடுகிறோம் என்று தோட்டத் துரை எழுதித் தரும் சீட்டு அது. புதிய துரை பணத்தைக் கட்டுவார். கடன் அழியாது, புதிய தோட்டத்தின் பேரேட்டில் ஏறும். கங்காணி அதற்கு மேலும் முற்பணம் வாங்கினால் பணம் அவர் கைக்கு, பாரம் ஆட்கள் தலைக்கு. பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, வரும் ஒவ்வோர் ஆளுக்கும் அவருக்குத் தலைக்காசு வேறு. தோட்டம் மாற மாறக் கடன் பெருத்தது. 1921இல்தான் துண்டு முறையைச் சட்டம் ஒழித்தது.

இப்போது பிள்ளைகளின் விளையாட்டில் மாத்தளையை அடைந்தாலும் வெற்றி கிடையாது, அடுத்த கட்டமாகப் பேரேடு திறக்கும். இரண்டாம் பாகத்துக்கு 1914க்குப் பிந்திய பாதையை எடுத்திருக்கிறார்கள்: மண்டபம் முகாமில் நோய்த்தடுப்பு மறியல், தனுஷ்கோடியில் கப்பல், தலைமன்னாரில் ரயில். நடை குறைந்துவிட்டது, கடன் கணக்கை மட்டும் எடுக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.