டச்சு நோய்: குரோனிங்கன் எரிவாயுவின் கதை

1/ "டச்சு நோய்"னு ஒண்ணு இருக்கு. எம்பிபிஎஸ் புத்தகத்துல தேடாதீங்க, கிடைக்காது. 1977-ல எக்கனாமிஸ்ட் பத்திரிகை வெச்ச பேர். நோயாளி நெதர்லாந்து. காரணம், மண்ணுக்கு அடியில கிடைச்ச இயற்கை எரிவாயு. ஆனா பேர் வெச்சவங்க பார்த்தது பாதி நோயைத்தான். மீதிப் பாதி முழுசா வெளிய தெரிய இன்னும் 35 வருஷம் ஆச்சு. கொஞ்சம் நீளமான இழை, பொறுமையா படிங்க.

2/ 1959 ஜூலை. நாட்டோட வடகிழக்கு மூலையில குரோனிங்கன் மாகாணம். ஸ்லோக்டெரன் பக்கத்துல ஒரு விவசாயியோட நிலத்துல ஷெல்லும் எஸ்ஸோவும் சேர்ந்து நடத்தின கம்பெனி துளை போட்டுச்சு. வாயு வந்துச்சு. போகப் போகத்தான் அளவு புரிஞ்சுது: சுமார் 2.8 லட்சம் கோடி கன மீட்டர். மேற்கு ஐரோப்பாவிலேயே பெரிய எரிவாயு வயல்.

3/ நிலம் விவசாயியோடது. ஆனா அந்த நாட்டுச் சட்டப்படி அடியில இருக்கிற கனிமம் அவருக்குச் சொந்தமில்லை. 1962-ல அரசு ஒரு கொள்கை வகுத்துச்சு. எடுக்க எவ்வளவு செலவாகுதுன்னு பார்த்து விலை வைக்க வேண்டாம்; மக்கள் ஏற்கனவே எரிக்கிற எண்ணெய்க்கு என்ன விலையோ, அதை ஒட்டி வைப்போம். இன்னொரு நினைப்பும் இருந்துச்சு: சீக்கிரம் அணுமின்சாரம் வந்துடும், அப்புறம் வாயுவை யாரும் சீண்ட மாட்டாங்க, இப்பவே வித்துடுவோம்.

4/ சில வருஷத்துல நாடு முழுக்க அடுப்பும் ஹீட்டரும் வாயுவுக்கு மாறிடுச்சு. தெற்கே லிம்பர்க்கில் இருந்த நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போறதா 1965-ல அறிவிச்சாங்க. ஜெர்மனி, பெல்ஜியம், பிரான்ஸ், இத்தாலி வரைக்கும் குழாய் போச்சு.

5/ 1973-ல இஸ்ரேலை ஆதரிச்சதுக்காக அரபு நாடுகள் நெதர்லாந்துக்கு எண்ணெயை நிறுத்தினாங்க. ஞாயித்துக்கிழமை கார் ஓட்டத் தடை. ஆனா எண்ணெய் விலை ஏறினா வாயு விலையும் ஏறும் இல்லையா? கஜானா நிரம்புச்சு. டச்சு நாணயம் கில்டரோட மதிப்பு ஏறுச்சு. அதனாலேயே அந்நாட்டுத் தொழிற்சாலைப் பொருள் வெளிநாட்டில் விலை கூடிப் போய் விற்கல. வேலையில்லாதவங்க பெருகினாங்க. இதுதான் பேர் வெச்ச பாதி.

6/ எண்ணெய் நெருக்கடிக்கு அப்புறம் புதுக் கொள்கை: சின்னச் சின்ன வயல்களை முதல்ல எடுப்போம், குரோனிங்கனைக் கையிருப்பா வைப்போம். கடுங்குளிர் வந்தா அங்க வால்வைத் திறந்தா போதும். மேற்கு ஐரோப்பாவோட எரிசக்திப் பாதுகாப்புன்னு சொன்னதுல பெரிய பங்கு இந்த வால்வு.

7/ இப்போ மீதிப் பாதி. வாயு ஏதோ குகையில அடைஞ்சு கிடக்கல. சுமார் 3 கிலோமீட்டர் ஆழத்துல மணற்பாறையோட நுண்துளைகள்ல இருக்கு. அந்த அழுத்தமும் சேர்ந்துதான் மேல இருக்கிற பாரத்தைத் தாங்குது. உறிஞ்ச உறிஞ்ச பாறை அமுங்கும். எலும்பு தேஞ்ச பாட்டிக்கு முதுகெலும்பு அமுங்கிக் கூன் விழுற மாதிரி. அமுங்கும்போது அடியில இருக்கிற பழைய பிளவுகள் நழுவும். அதுதான் நிலநடுக்கம்.

8/ 1986-ல வடக்கே ஆசென் நகரத்துல ஒரு நடுக்கம். வாயு எடுக்கிறதுதான் காரணம்னு மேன்ட் ஃபான் டெர் ஸ்லைஸ்ங்கிற புவியியலாளர் சொன்னார். கேலி பண்ணாங்க. 1993-லதான் தொடர்பு இருக்குன்னு ஒத்துக்கிட்டாங்க. அப்பவும் "சின்ன நடுக்கம், பயமில்லை"தான்.

9/ 2012 ஆகஸ்ட் 16, ஹௌசிங்க கிராமம், ரிக்டர் 3.6. "இவ்வளவுதானா?"ன்னு தோணும். ஆனா ஆழம் 3 கிலோமீட்டர்தான், மேல மிருதுவான களிமண், நடுக்கத்தைத் தாங்கக் கட்டாத செங்கல் வீடுகள். 2013 ஜனவரியில சுரங்கக் கண்காணிப்புத் துறை சொல்லுச்சு: முடிஞ்ச வரை சீக்கிரம் உற்பத்தியைக் குறைங்க. அரசு "இன்னும் ஆய்வு செய்வோம்"னுச்சு. அந்த வருஷம் எடுத்தது சுமார் 5,400 கோடி கன மீட்டர். பல வருஷத்துல இல்லாத அளவு!

10/ சுவர் விரிசல், முட்டுக் கொடுத்து நிற்கிற வீடுகள், இழப்பீட்டுக்கு வருஷக்கணக்கா அலைச்சல். திரும்பத் திரும்ப வீடு சேதமானவங்களுக்கு மன அழுத்தமும் உடல்நலக் குறைவும் அதிகம்னு குரோனிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பதிவு செஞ்சாங்க. ஓபியில தினம் உட்கார்ற எனக்கு இதுல ஆச்சரியமில்லை. ராத்திரி கூரையைப் பார்த்துக்கிட்டே படுக்கிறவங்களுக்கு பிரஷர் எப்படி இறங்கும்?

11/ 2018-ல இன்னொரு பெரிய நடுக்கம் (3.4). அதுக்கப்புறம்தான் மொத்தமா மூட முடிவு. மூடுற நேரத்துல, 2022-ல ரஷ்யா உக்ரைன் மேல படையெடுத்துச்சு. ஐரோப்பா இறக்குமதி செஞ்ச வாயுவுல 40 சதவீதத்துக்கு மேல ரஷ்யாவோடது. விலை எங்கேயோ போச்சு. "குரோனிங்கனைத் திறங்க"ன்னு குரல்கள். திறக்கல. அதே மாகாணத்துல ஏம்ஸ்ஹாஃபன் துறைமுகத்துல மிதக்கும் முனையம் அமைச்சு, கப்பல்ல திரவ எரிவாயுவை இறக்கினாங்க.

12/ அந்தக் கப்பல்களுக்கு ஐரோப்பா கொடுத்த விலையைப் பாகிஸ்தானும் வங்கதேசமும் கொடுக்க முடியல. அங்க மின்வெட்டு. ஒருத்தரோட பாதுகாப்புக்கு இன்னொருத்தர் விலை கொடுக்கிறது குரோனிங்கனோட முடியல.

13/ 2023 பிப்ரவரியில நாடாளுமன்ற விசாரணைக் குழு அறிக்கை. கிடைச்ச வருமானம்: அரசுக்கு சுமார் 36,300 கோடி யூரோ, எண்ணெய்க் கம்பெனிகளுக்கு சுமார் 6,600 கோடி. குரோனிங்கன் மக்களோட நலனைத் தொடர்ந்து புறக்கணிச்சாங்கன்னு குழு எழுதுச்சு. 2023 அக்டோபர் 1 உற்பத்தி நின்னுச்சு. 2024-ல நிரந்தரமா மூடச் சட்டம் வந்துச்சு. ஆனா அமுங்கின பாறை சமநிலைக்கு வர வருஷங்கள் ஆகும்; நடுக்கம் இன்னும் இருக்கும்.

14/ மருத்துவத்துல ஒரு விதி உண்டு. சிகிச்சையோட பலன் யாருக்கோ, ஆபத்தும் அவருக்கே. அதனாலதான் அவர்கிட்ட சம்மதக் கையெழுத்து வாங்குறோம். குரோனிங்கன்ல கதகதப்பு கண்டம் முழுக்க, விரிசல் மட்டும் அந்த ஊர்ச் சுவர்ல. கையெழுத்து யாரும் கேட்கல. இனி "எரிசக்திப் பாதுகாப்பு"ன்னு யார் பேசினாலும் ஒரு கேள்வி கேளுங்க: யாருக்குப் பாதுகாப்பு, யார் வீட்டுக்கு அடியில இருந்து?