உடலும் கல்வியும்: உயர்நிலைப் பள்ளிகளில் உடற்கல்வி வளர்ந்த வரலாறு

முன்னுரை

கல்வி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் கண்முன் தோன்றுவது ஏடும் எழுதுகோலுமே. உடலைப் பேணுதலும் கல்வியே என்பதை நாம் வாயளவில் ஒப்புக்கொள்கிறோம். ஆயின் பிள்ளை பத்தாம் வகுப்பில் அடியெடுத்து வைத்ததும், முதலில் காவு கொடுக்கப்படுவது உடற்பயிற்சிப் பாடவேளைதான். பிழைப்பை நாடித் தென்கோடியிலிருந்து மும்பைக்கு வந்து, குர்லாவிலும் தாராவியிலும் செம்பூரிலும் வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களில் இக்காட்சியைக் காணாதவர் அரியர். இப்பாடம் நம் பள்ளிகளுக்குள் எவ்வாறு வந்தது, யாரால் வளர்ந்தது, ஏன் தேய்ந்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பழந்தமிழர் போற்றிய உடல்வலிமை

உடலை ஓம்பும் கலை தமிழர்க்குப் புதிதன்று. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன், ஆமூர் மல்லனோடு பொருது வென்ற மற்போரைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியுள்ளார். அரசன் ஒருவனே களத்தில் இறங்கி மற்போர் புரிந்தான் என்பது அக்காலச் சமுதாயம் உடல்வலிமைக்கு அளித்த மதிப்பைக் காட்டுகிறது. கலித்தொகையின் முல்லைக்கலி, ஆயர்குல இளைஞர் ஏறு தழுவிய வீரத்தைக் கண்ணெதிரே நிறுத்துகிறது. முதலாம் நரசிம்மவர்ம பல்லவன் பூண்ட மாமல்லன் என்னும் பட்டப்பெயரே மற்போரில் அவன் கொண்ட ஈடுபாட்டைப் பறைசாற்றுகிறது. வள்ளுவர் ‘மருந்து’ என ஓர் அதிகாரமே வகுத்து, உண்ணும் அளவும் முறையும் அறிந்து நோயைத் தவிர்க்கும் நெறியைச் சொன்னார். உடம்பை இழிவென எண்ணாது, உயிர் தங்கும் இல்லமாகப் பேண வேண்டும் என்பது திருமூலர் கண்ட உண்மை.

ஆயினும் இவையெல்லாம் ஊர்ப் பொதுவிலும் போர்க்களத்திலும் வளர்ந்தனவேயன்றிப் பள்ளியில் கற்பிக்கப்பட்ட பாடங்களல்ல. திண்ணைப் பள்ளியில் மாணவன் மணலில் எழுத்துப் பயின்றான். சிலம்பத்தைப் பயில வேறோர் ஆசானிடம் சென்றான். இவ்விரண்டையும் ஒரே கூரையின்கீழ்க் கொண்டுவந்தது பிற்காலமே.

‘டிரில்’ வந்த கதை

ஆங்கில ஆட்சியில் பள்ளிகளுக்குள் முதலில் நுழைந்தது விளையாட்டன்று; ‘டிரில்’ என்னும் அணிப்பயிற்சியே. 1882 ஆம் ஆண்டில் அமைந்த ஹண்டர் கல்விக் குழு, நாட்டு விளையாட்டுக்களையும் உடற்பயிற்சிகளையும் பள்ளி அணிப்பயிற்சியையும் ஊக்குவிக்குமாறு பரிந்துரைத்தது. நடைமுறையில் முன்னிரண்டும் பின்தங்கின. அணிப்பயிற்சி மட்டும் நிலைத்தது. படையிலிருந்து ஓய்வு பெற்றவர் கையில் பிரம்புடன் நிற்க, பிள்ளைகள் வரிசையில் நின்று கைகால்களை அசைத்தனர். ‘டிரில் மாஸ்டர்’ என்னும் பெயரில் இன்றளவும் ஒட்டியிருக்கும் கண்டிப்பு அக்காலத்தின் எச்சமே.

அரசுகள் மாணவரின் உடல்நலத்தில் அக்கறை காட்டியதற்குப் பின்னால் பெரும்பாலும் படைத்தேவையே மறைந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் போயர்களோடு நடந்த போருக்கு ஆள் திரட்டியபோது, ஏழைக் குடும்பத்து இளைஞர் பலர் படைக்குத் தகுதியற்ற நோஞ்சான்களாக இருந்தமை கண்டு இங்கிலாந்து திடுக்கிட்டது. 1904 இல் அதனை ஆராய்ந்த குழு தன் அறிக்கையை அளித்தது. 1906 இல் பள்ளியில் உணவளிக்கும் சட்டமும், 1907 இல் மாணவர்க்கு மருத்துவப் பரிசோதனை நடத்தும் சட்டமும் பிறந்தன. ஏழைப் பிள்ளையின் மெலிந்த உடல், போர் வந்த பிறகே ஆள்வோரின் கண்ணுக்குத் தெரிந்தது! நம் நாட்டிலோ பரோடா சமஸ்தானம் 1909 இலேயே பள்ளி மருத்துவப் பரிசோதனையைத் தொடங்கிப் பெருமை பெற்றது.

1920: சென்னை கண்ட இரு தொடக்கங்கள்

இவ்வரலாற்றில் 1920 ஆம் ஆண்டு பொன்னெழுத்துக்களால் பொறிக்கத் தக்கது. அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு கல்லூரியில் பயின்ற ஹாரி குரோ பக் என்பார், அவ்வாண்டில் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியை நிறுவினார். ஆசியாவிலேயே இத்துறைக்கென எழுந்த முதற்கல்லூரி என அது போற்றப்படுகிறது. கூடைப்பந்தாட்டம் பிறந்ததும் அந்த ஸ்பிரிங்ஃபீல்டில்தான். 1891 இல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் அதனை அங்கு வகுத்தார். அங்கிருந்து வந்த பக், உடற்பயிற்சி என்பது ஆணைக்கு அடிபணியும் அசைவன்று, மனம் மகிழ்ந்து ஆடும் ஆட்டமே என்னும் கருத்தை இங்கு விதைத்தார். 1924 இல் பாரிஸ் ஒலிம்பிக் போட்டிக்குச் சென்ற இந்திய அணியோடு அவரும் சென்றார். 1943 இல் அவர் மறைந்தார். சைதாப்பேட்டையை அடுத்த நந்தனத்தில் பரந்த திடல்களோடு விளங்கும் அக்கல்லூரியில் பயின்றோர் நாடெங்கும் பள்ளிகளில் ஆசிரியராய் அமர்ந்தனர். பிரம்பு ஏந்திய டிரில் மாஸ்டரின் இடத்தில், ஊதலும் பந்தும் ஏந்திய உடற்கல்வி ஆசிரியர் தோன்றினார்.

அதே 1920 இல், அதே சென்னையில், மற்றொரு நற்செயலும் நிகழ்ந்தது. பிட்டி தியாகராயர் தலைமையில் இயங்கிய மாநகராட்சி, ஆயிரம்விளக்குப் பகுதிப் பள்ளியில் படித்த ஏழைச் சிறுவர்க்கு, ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாத செலவில் சிற்றுண்டி வழங்க முடிவு செய்தது. ஒரு நகரம் ஒரே ஆண்டில் ஆட்டத்தையும் ஊட்டத்தையும் தொடங்கி வைத்தது. இவ்விரண்டும் பிரிக்கவொண்ணாதவை. வெறும் வயிற்றோடு ஓடும் பிள்ளைக்கு உடற்பயிற்சி நன்மையன்று, தண்டனையே. 1956 இல் காமராசர் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கியதும், 1982 இல் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் கண்டதும் இவ்வுண்மையின் தொடர்ச்சியே.

மராட்டிய மண்ணின் பங்கு

நம்மை வாழவைக்கும் மராட்டிய மண்ணும் இத்துறையில் பின்தங்கியதன்று. அமராவதியில் 1914 இல் தோன்றிய அனுமான் வியாயாம் பிரசாரக் மண்டல், 1936 இல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது நம் நாட்டு விளையாட்டுக்களை உலகோர் முன் ஆடிக் காட்டியது. சுவாமி குவலயானந்தர் 1924 இல் லோனாவ்ளாவில் கைவல்யதாமத்தை நிறுவி, யோகப் பயிற்சிகளின் பயனை அறிவியல் கருவிகளால் அளந்தறிய முற்பட்டார். 1938 இல் மும்பையின் காந்திவலியில் உடற்கல்வி ஆசிரியர்க்கான அரசுப் பயிற்சி நிலையம் எழுந்தது.

மற்றுமொரு செய்தி நம் நெஞ்சைக் குளிர்விப்பது. நாம் சடுகுடு என்றதை இவர்கள் ஹுதுது என்றனர். மூச்சடக்கிப் பாடிச் சென்று எதிரணியைத் தொட்டு மீளும் அதே ஆட்டம்! இரண்டும் கபடி என்னும் பொதுப்பெயரில் ஒன்றாகி, 1990 இல் பீஜிங் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்கத்திற்குரிய ஆட்டமாக ஏற்றம் பெற்றது. மொழி புரியாத பருவத்திலேயே குர்லாவின் சந்துகளில் தமிழ்ச் சிறுவனும் மராட்டியச் சிறுவனும் ஒரே கோட்டின் இருபுறம் நின்று ஆட முடிந்ததென்றால், அதற்கு அகராதி தேவைப்படவில்லை.

ஒரு தமிழ் மருத்துவரின் பரிந்துரை

விடுதலைக்குப் பின் உயர்நிலைக் கல்வியைச் சீர்தூக்க 1952 இல் அமைந்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். அவர் மருத்துவர், சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல்வராய் இருந்த முதல் இந்தியர், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக 1942 முதல் 1969 வரை கால் நூற்றாண்டுக்கு மேல் விளங்கியவர். 1953 இல் வெளிவந்த அவ்வறிக்கையில் மருத்துவரின் பார்வை பளிச்சிடுகிறது.

எல்லா மாநிலங்களிலும் பள்ளி மருத்துவப் பணி அமைய வேண்டும். மாணவர் அனைவர்க்கும் ஆண்டுதோறும் முழுப் பரிசோதனை நடைபெற வேண்டும். குறை கண்டவர்க்குத் தொடர்ந்து மருத்துவம் செய்ய வேண்டும். மாணவரின் உடற்பயிற்சி குறித்துப் பதிவேடு பேண வேண்டும் என்று அக்குழு கூறியது. உடற்கல்வி ஆசிரியர் உடலியல், சுகாதாரம் ஆகிய பாடங்களைக் கற்பிப்பதிலும் பங்கு கொள்ள வேண்டும்; ஒத்த தகுதியுடைய ஏனைய ஆசிரியர்க்குரிய நிலையே அவருக்கும் தரப்பட வேண்டும் என்றது. நாற்பது வயதுக்குட்பட்ட எல்லா ஆசிரியரும் மாணவரோடு சேர்ந்து உடற்பயிற்சிகளில் ஈடுபட வேண்டும் என்றும் அது பரிந்துரைத்தது. ஆசிரியர் ஆடினால் மாணவர் ஆடுவர் என்பது எத்துணை எளிய, எத்துணை ஆழ்ந்த கருத்து! இப்பரிந்துரைகளை முழுமையாய் நிறைவேற்றிய பள்ளியை நான் கண்டதில்லை.

அதன்பின் காற்று வேறு திசையில் வீசியது. 1948 இல் தேசிய மாணவர் படையும், 1954 இல் ஜெ.கே. போன்ஸ்லே தொடங்கிய தேசிய ஒழுங்குத் திட்டமும் வந்திருந்தன. ஒன்றையொன்று மோதிய திட்டங்களைச் சீராக்க ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் குழு அமைந்தது. 1965 இல் தேசிய உடற்தகுதிப் படை உருவாயிற்று. ஒழுங்கு வேண்டற்பாலதே. ஆயினும் இத்திட்டங்களில் பிள்ளையின் நலத்தைவிட அணிவகுப்பின் அழகே மேலோங்கியது. பழைய டிரில் மாஸ்டர் புதிய சீருடையில் திரும்பி வந்தார் எனலாம்.

பதினான்கு வயதில் கைவிடும் சட்டம்

2009 இல் இயற்றப்பட்ட கல்வி உரிமைச் சட்டம், ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டுத் திடல் வேண்டும் என அட்டவணையில் குறித்தது. நன்று. ஆனால் அச்சட்டம் எட்டாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மத்திய அரசின் மதிய உணவுத் திட்டமும் எட்டாம் வகுப்போடு முடிகிறது. தமிழகத்தில் பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு. மும்பையில் படிக்கும் நம் பிள்ளைக்கு அதுவும் இல்லை.

எலும்பு நீண்டு, குருதி பெருகி, பசி மிகுந்து, உடல் உருமாறும் பருவம் எது? ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பருவமன்றோ! அப்பருவத்தின் வாயிலில் சட்டம் கையை விடுகிறது; தேர்வு கழுத்தைப் பிடிக்கிறது. 5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடமேனும் உடல் உழைக்க ஆடவேண்டும் என 2020 இல் உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்தியது. அதே ஆண்டில் வெளிவந்த தேசியக் கல்விக் கொள்கை, உடற்கல்வியைப் பாடத்திற்குப் புறம்பானதாகக் கருதலாகாது என்றது. ஏட்டில் உள்ளவை இவை. ஒற்றை அறை வீட்டில் அறுவர் வாழும் சாலில், ஆட இடமேது? அறுபது நிமிடத்தை எங்கே செலவிடுவது?

என் பள்ளி நாட்களை எண்ணிப் பார்க்கிறேன். பத்தாம் வகுப்பில் எங்கள் உடற்பயிற்சி வேளையைக் கணக்கு ஆசிரியர் எடுத்துக்கொண்டார். பெற்றோர் எவரும் மறுக்கவில்லை. என் தந்தையார் மகிழ்ந்தார். ஒருநாள் காலை வழிபாட்டில் என் அருகில் நின்ற தோழன் மயங்கி விழுந்தான். வீட்டில் ஒன்றும் உண்ணாமல் வந்திருந்தான். ஆசிரியர் தண்ணீர் தெளித்து எழுப்பினார். ஏன் விழுந்தான் என்று ஒருவரும் கேட்கவில்லை. இப்பொழுது நான் நாற்பதைக் கடந்தவன். கோப்புகளின் முன் அமர்ந்தே ஆண்டுகள் கழிந்தன. சென்ற ஆண்டு மருத்துவர் என் குருதியில் சர்க்கரை மிகுந்துள்ளது என்றார். நாள்தோறும் நடக்கச் சொன்னார். பதினைந்து வயதில் நான் இழந்த பாடத்தை, மருந்துச் சீட்டின் வழியே திரும்பப் பெற்றேன்.

பெண் மக்களின் நிலை

பெண் பிள்ளைகளின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. பருவம் எய்திய மறுநாளே திடலின் கதவு அவளுக்கு அடைபடுகிறது. ஊரில் கிணற்றில் நீரிறைத்தும், வயல் வரப்பில் நடந்தும், பாண்டி ஆடியும் வளர்ந்த பாட்டியின் பேத்தி, இங்கே நான்கு சுவருக்குள் பாடநூலும் கைப்பேசியுமாய் முடங்குகிறாள். குருதிச்சோகை அவளை எளிதில் பற்றுகிறது. நாளை தாயாக வேண்டியவளின் உடல்நலம், ஒரு தலைமுறையின் உடல்நலம் என்பதை நாம் மறத்தலாகாது.

முடிவுரை

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? அணிப்பயிற்சி அரசுக்காக வந்தது. ஆட்டமோ பிள்ளைக்காக வந்தது. ஊட்டமும் மருத்துவமும் ஆட்டமும் ஒன்றிணைந்தாலன்றி உடற்கல்வி முழுமை பெறாது. 1920 இல் சென்னையும், 1953 இல் முதலியார் குழுவும் காட்டிய வழி இதுவே.

அரசு செய்ய வேண்டியதை அரசிடம் கேட்போம். மதிய உணவும் விளையாட்டுத் திடலும் பத்தாம் வகுப்பு வரை நீள வேண்டும் எனக் குரல் கொடுப்போம். அதுவரை நாம் செய்யத் தக்கனவும் உள. பெற்றோர் கூட்டத்திற்குச் செல்லும் நாம், மதிப்பெண்ணைக் கேட்பதோடு நில்லாமல், ‘உடற்பயிற்சி வேளை நடைபெறுகிறதா?’ என்றும் கேட்கலாம். காலையில் பிள்ளை உண்டு சென்றானா எனத் தாய் மட்டுமன்றித் தந்தையும் கவனிக்கலாம். தமிழ்ச் சங்கங்கள் ஆண்டு விழாவில் பேச்சுப் போட்டியோடு சடுகுடுவையும் நடத்தலாம். பெண் மக்களுக்கும் அதில் இடம் தரலாம். ஆண்டுக்கொருமுறை மருத்துவரை அழைத்து உயர்நிலைப் பள்ளி மாணவரைப் பரிசோதிக்கச் செய்யலாம்.

ஊரிலிருந்து வரும் இரயில்கள் பல வந்து நிற்கும் லோகமான்ய திலக் முனையம் நம் குர்லாவில்தான் உள்ளது. அங்கு வந்திறங்கிய நம் முன்னோர் பலர்க்கு உடல் உழைப்பே முதல். அதனைக் கொண்டே நம்மைப் படிக்க வைத்தனர். அவர்தம் பேரப் பிள்ளைகள் படிப்பைப் பெற்று உடலை இழத்தல் முறையாகாது. ஏட்டை ஏந்தும் கை, பந்தையும் ஏந்தட்டும். வளரட்டும் நம் இளைய தலைமுறை, வாழ்க தமிழ்!