காணாத புலியை எண்ணுவது

வில்லரேயில் உள்ள ஜாரி பூங்காவில் எத்தனை அணில்கள் இருக்கும்? எல்லாவற்றையும் வரிசையில் நிறுத்தி எண்ண முடியாது. ஆனால் இன்று 20 அணில்களைப் பிடித்து வாலில் சாயம் பூசி விடுங்கள் (மனதுக்குள் மட்டும்!). நாளைக்குப் பிடிக்கும் 20இல் ஐந்துக்குச் சாயம் இருந்தால், நாலில் ஒன்று நேற்றைய அணில். ஆகவே நேற்றைய 20தான் மொத்தத்தில் நாலில் ஒரு பங்கு. பூங்காவில் சுமார் 80.

1890களில் டென்மார்க்கில் பீட்டர்சன் மீன்களுக்கும், 1930இல் அமெரிக்காவில் லிங்கன் வாத்துகளுக்கும் இந்தக் கணக்கைப் போட்டார்கள். இந்தியப் புலிகளிடம் அது வந்துசேர இன்னும் அறுபது வருடம் எடுத்தது.

அதுவரை காலடித் தடம்தான். 1960களில் ஒடிசா வன அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி உருவாக்கிய முறை அது. தடத்தின் மேல் கண்ணாடியை வைத்து அப்படியே வரைந்து எடுப்பார்கள்; தடத்தைப் பார்த்தே புலியைப் பிரித்தறியலாம் என்பது நம்பிக்கை. 1972இல் நாடு முழுக்க எண்ணி 1,827 என்றார்கள். ஆனால் ஒரே கால் மணலில் ஒரு மாதிரியும் சேற்றில் வேறு மாதிரியும் பதியும். அதைவிடப் பெரிய ஓட்டை, தவறவிட்ட புலிகள் எத்தனை என்று அந்த முறையால் சொல்லவே முடியாது.

கர்நாடகத்தின் உல்லாஸ் கரந்த் முதலில் படித்தது இயந்திரப் பொறியியல் (எங்கள் ஆள்!). 1990களில் நாகரஹொளே காட்டுப் பாதைகளின் இரண்டு பக்கமும் தானியங்கிக் கமராக்களை வைத்தார். புலியின் வரிகள் எங்கள் கைரேகை மாதிரி, ஒன்றைப்போல் இன்னொன்று இராது. சாயமே தேவையில்லை! அதே புலி மறுபடி எத்தனை தரம் படத்தில் விழுகிறது என்பதிலிருந்து, விழாதவற்றையும் கணக்கிட்டார். 1995இல் அது ஆய்வுக் கட்டுரையாக வந்தது. ஆனாலும் அரசுக் கணக்கு தடத்தை விடவில்லை.

ராஜஸ்தானின் சரிஸ்கா சரணாலயத்தில் 2004இல் பதினாறு புலிகளாவது உண்டு என்று அரசுக் கணக்கு சொன்னது. 2005இல் தேடிப் பார்த்தால் ஒன்றுகூட இல்லை. வேட்டைக்காரர்கள் முடித்துவிட்டார்கள், தாளில் மட்டும் புலிகள் உயிரோடு இருந்தன.

அதன் பிறகுதான் அரசு முறையை மாற்றியது. 2006 கணக்கில் வந்தது 1,411. தடமுறை கடைசியாகச் சொன்னதோ 3,600க்கு மேல்! இரண்டையும் கழித்து இத்தனை புலி செத்தது என்று சொல்லக்கூடாது, அளவுகோலே வேறு. எனக்குப் பிடித்தது, 1,411க்குப் பக்கத்தில் ‘1,165 முதல் 1,657 வரை இருக்கலாம்’ என்றும் எழுதியிருந்ததுதான்.

2022இல் 32,588 இடங்களில் கமரா வைத்தார்கள். படங்களில் தனித்தனியாக அடையாளம் கண்ட புலிகள் 3,080. நாட்டின் மொத்த மதிப்பீடு 3,682. மிச்சம் அறுநூறு புலிகளை எந்தக் கமராவும் பார்த்ததில்லை.