கூடாரம் அடித்த டாக்டர்

மனநிலை சரியில்லாத பிள்ளையை ஆஸ்பத்திரியில் தங்க வைத்து வைத்தியம் பார்க்கும்போது அப்பா அம்மா கூட இருக்கலாமா, கூடாதா? இதற்கு உலகம் ஒரே பதிலைச் சொன்னதில்லை.

சிகாகோவில் ஆர்த்தோஜெனிக் ஸ்கூல் என்ற உறைவிடப் பள்ளியை 1944 முதல் 1973 வரை நடத்தியவர் புரூனோ பெட்டல்ஹைம். பிள்ளையின் கோளாறுக்குப் பெற்றோர், அதிலும் அம்மாதான் காரணம் என்பது அவர் கட்சி. அதனால் பிள்ளைகள் தங்கும் பகுதிக்குள் பெற்றோர் கால் வைக்க முடியாது. 1967-ல் ஆட்டிசத்துக்கும் அதே காரணம் சொல்லிப் புத்தகம் போட்டார். (எத்தனை அம்மாக்கள் படித்துவிட்டு அழுதார்களோ!) அந்தக் கொள்கை பிற்பாடு தவறென்று ஆனது. 1990-ல் அவர் இறந்ததும், அங்கே அடி வாங்கினோம் என்று பழைய மாணவர்கள் சிலர் வெளியே சொன்னார்கள்.

நம் அமிர்தசரஸில் நடந்தது நேர் எதிர். பிரிவினைக்குப் பின், 1950-ல், லாகூர் மனநல மருத்துவமனையிலிருந்து சுமார் 450 இந்து, சீக்கிய நோயாளிகளை இந்தப் பக்கம் அனுப்பினார்கள். (மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' இந்தப் பரிமாற்றத்தை வைத்து எழுதியதுதான்.) அமிர்தசரஸில் கட்டில் ஏது, கவனிக்க ஆள் ஏது? அங்கே பொறுப்பிலிருந்த டாக்டர் வித்யாசாகர், 1950-களில், ராணுவக் கூடாரங்களை வாங்கி வந்து வளாகத்திலேயே அடித்தார். நோயாளியோடு வீட்டு ஆட்களும் வந்து தங்கலாம் என்றார். ஆள் பற்றாக்குறைக்குச் செய்த ஏற்பாடுதான். ஆனால் கூடவே இருந்த குடும்பம் நோயைப் புரிந்துகொண்டது; குணமானவரை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டும் போனது. மனநல விடுதியில் விட்டால் விட்டதுதான் என்றிருந்த காலத்தில் இது சாதாரண விஷயமில்லை. 1957-ல் வேலூர் சி.எம்.சி. தொடங்கிய மனநல மையமும் குடும்பத்தோடு தங்கும் வழியில்தான் போனது.

அமிர்தசரஸ் ஏற்பாடு சிறுவர்களுக்கென்று வந்ததில்லை. ஆனால் அதே எண்ணம் இன்று அவர்களுக்குத்தான் கட்டாயச் சட்டமாக இருக்கிறது. 1987 சட்டம் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குத் தனி மருத்துவமனை வைக்கலாம் என்றதோடு சரி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 87-வது பிரிவோ, 18 வயதுக்குட்பட்டவரை வேறு வழியில்லாதபோதுதான் சேர்க்கலாம், பெரியவர்களோடு வைக்கக்கூடாது, 72 மணி நேரத்துக்குள் மனநல மறுஆய்வு வாரியத்துக்குச் சொல்லவேண்டும் என்கிறது. சேர்ந்த நாள் முதல் வீடு திரும்பும் வரை நியமனப் பிரதிநிதியோ அவர் அமர்த்தும் ஆளோ கூடவே தங்கியாக வேண்டும். பெண் பிள்ளையென்றால், பிரதிநிதி ஆணாக இருந்தால், துணைக்கு ஒரு பெண் இருக்க வேண்டும்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல சட்டம். ஆனால் பெங்களூர் மாதிரி ஊரில் தாத்தா பாட்டியும் இல்லாமல் பிழைக்க வந்த வீட்டில் யார் தங்குவது? என்னோடு வேலை பார்க்கும் ஒருவர் மகனுக்காக ஐந்து வாரம் லீவு போட்டார். லீவு லெட்டரில் 'அப்பாவுக்கு உடம்பு சரியில்லை' என்று எழுதியிருந்தார். அவராவது மாதச் சம்பளக்காரர். எங்கள் மாடியைக் கூட்டித் துடைக்கும் தர்மபுரிக்கார அம்மாவுக்கு ஒரு நாள் வராவிட்டால் ஒரு நாள் கூலி போய்விடும். 87-வது பிரிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.